ஹாமில்டனின் உயரமான கட்டடங்கள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்களேன்

மவுண்டன்வாசி:

வணக்கம் நண்பர்களே. கனடாவில் உயரமான கட்டடம் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் டொரான்டோவுக்கு ஓடிவிடுகிறார்கள். ஒன்டாரியோ ஏரியின் மேற்கு மூலையில் இருக்கிற எங்கள் ஹாமில்டனைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். இங்கே குடியிருந்தவர்கள், வேலை பார்த்தவர்கள், சும்மா வந்துபோனவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். முதலில் நான்.

ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஹாமில்டன் இரண்டு தட்டாக அமைந்த ஊர். கீழ்த்தட்டில் நகர மையம், துறைமுகம், எஃகு ஆலைகள். அதற்குத் தெற்கே நயாகரா எஸ்கார்ப்மென்ட் என்கிற செங்குத்துப் பாறைச் சரிவு, ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் ஊரின் குறுக்கே நீளமாகப் போகிறது. அதற்கு மேலேயும் ஊர்தான். எல்லாரும் அதை மவுண்டன் என்போம், என் வீடு அங்கேதான். மவுண்டன் விளிம்பில் சாம் லாரன்ஸ் பூங்கா இருக்கிறது. முதல் தடவை அங்கே போய் நின்றபோது எனக்குப் பெரிய ஆச்சரியம், நகர மையத்துக் கட்டடங்களை அண்ணாந்து பார்க்கவே தேவையில்லை. 1972-ல் கட்டிய ஸ்டெல்கோ டவர் 103 மீட்டர், அதன் உச்சி கிட்டத்தட்ட என் கண் மட்டத்தில் இருந்தது. மொட்டைமாடியில் சுற்றுகிற காற்றாடிகள், குழாய்கள், கீழே நடப்பவர்கள் யாருக்கும் தெரியாத கட்டடத்தின் மேல்பக்கம் முழுக்க அங்கிருந்து தெரிகிறது. 1974-ல் முடிந்த லேண்ட்மார்க் பிளேஸ் ஒன்றுதான் அந்தக் கோட்டைத் தாண்டி எழும்பி நின்றது. 43 மாடி, 127 மீட்டர், ஊரிலேயே உயரமானது என்ற பெயரை அது எத்தனையோ வருஷம் விட்டுக்கொடுக்கவில்லை. வானம் தெளிவாக இருந்தால் ஏரிக்கு அப்பால் டொரான்டோவின் சி.என். டவரும் தெரியும்.

நகர மையத்தில் இனி எழும்பும் கட்டடங்கள் எஸ்கார்ப்மென்ட்டின் உச்சியைத் தாண்டக்கூடாது என்று 2018-ல் நகரசபை ஒரு திட்டம் போட்டது. கிட்டத்தட்ட 30 மாடி. எனக்கு ரொம்பப் பிடித்த விதி அது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

பழைய குடித்தனக்காரி:

தம்பி, நீங்கள் மேலே நின்று பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள், நான் உள்ளே இருந்து பட்டதைச் சொல்கிறேன். 2003 ஆகஸ்ட் 14. ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் போன நாள், பின்மதியம் நாலு மணி தாண்டியிருக்கும். நாங்கள் அப்போது நகர மையத்தில் உயரமான ஒரு வாடகைக் கட்டடத்தில் மேல்மாடிகளில் ஒன்றில் இருந்தோம். கட்டடத்தின் பெயர் வேண்டாம்.

லிஃப்ட் நின்றுவிடும் என்று யாருக்கும் தெரியும். தண்ணீரும் நிற்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. தெருக்குழாயில் வருகிற அழுத்தம் சில மாடிகள் வரைக்கும்தான் ஏறுமாம், அதற்கு மேலே பம்புதான் தள்ளுகிறது. பம்புக்கு மின்சாரம் இல்லையென்றால் சமையலறையிலும் காற்றுதான் வரும், கழிப்பறையிலும் காற்றுதான் வரும். படிக்கட்டில் பேட்டரி விளக்குகள் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு ஒவ்வொன்றாக மங்கிப்போயின. ஜன்னலே இல்லாத கான்கிரீட் படிக்கட்டு அது, ஆகஸ்ட் புழுக்கம் வேறு, கைப்பிடிக் கம்பியெல்லாம் ஏறி இறங்குகிறவர்களின் வியர்வையில் பிசுபிசுத்துக் கிடந்தது. நிர்வாகத்திடமிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை, கதவில் ஒரு அறிவிப்புகூட ஒட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் மாடிக்காரர்கள் தாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பையன்கள் சிலர் கீழ்மாடிக் குழாய்களில் பால்கேனையும் வாளியையும் நிரப்பி, நாலைந்து மாடிக்கு ஒருவராக நின்று கைமாற்றி மேலே ஏற்றினார்கள். எங்கள் வரிசையில் சக்கர நாற்காலியில் ஒரு போலந்துக்காரப் பாட்டி தனியாக இருந்தார், அவருக்குத்தான் முதல் வாளி. அதுவரைக்கும் லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி, அன்று ராத்திரி தாழ்வாரத்தில் மெழுகுவத்தி ஏற்றி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஃப்ரிட்ஜில் கெட்டுப்போகக் கிடந்ததையெல்லாம் சாப்பிட்டோம். உயரமான கட்டடத்தில் வீடு பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெளியே தெரியும் காட்சியைப் பார்ப்பதற்கு முன்னால் ஜெனரேட்டர் எதையெல்லாம் ஓட்டும், பம்பு அதில் சேருமா என்று கேளுங்கள்.

கயிற்றுவேலை:

அக்கா சொன்னது சத்தியமான வார்த்தை. நான் ஜன்னல் துடைக்கிற, வெளிச்சுவர் பழுது பார்க்கிற வேலையில் இருந்தவன். ஸ்விங் ஸ்டேஜ் என்று சொல்வோம், கூரையிலிருந்து இரண்டு கம்பிக்கயிற்றில் தொங்குகிற நீளமான மேடை. அதில் நின்று இந்த ஊர்ச் சுவர்கள் பலவற்றை மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெல்கோ டவர் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். துருதான், ஆனால் வேண்டுமென்றே அப்படி விட்டது. காற்றிலும் மழையிலும் மேல்பரப்பு துருவாக மாறி, அந்த அடுக்கே இறுகி உள்ளே இருக்கும் எஃகைக் காப்பாற்றுகிற வகை எஃகு அது, பெயிண்டே அடிக்க வேண்டாம். ஸ்டெல்கோ என்கிற எஃகுக் கம்பெனி தன் சொந்தச் சரக்கை ஊருக்கு நடுவில் நிறுத்திக் காட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி எஃகைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரே பழுப்பாக இருக்காது. மழை அடிக்கிற பக்கம் கருத்து, வழவழவென்று இருக்கும், மழை படாத மடிப்புகளில் ஆரஞ்சுப் பொடி விரலில் ஒட்டும். வெயில் சாய்கிற நேரத்தில் ஊதா மாதிரி ஒரு நிறம் வரும் பாருங்கள், அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். தரையில் இலைகூட ஆடாத நாளிலும் இருபதாவது மாடியில் மேடை சுவரை விட்டு விலகி விலகி அடிக்கும். அகலமான உயரக் கட்டடத்தில் மோதுகிற காற்று போக இடமில்லாமல் சுவரோடு கீழே இறங்கி நடைபாதையில் வந்து விழும், ஜனவரியில் அந்த மூலைகளைக் கடப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது எது என்றால் 1929-ல் கட்டிய பிகாட் பில்டிங்தான். 18 மாடிதான், ஊரின் முதல் வானளாவி. மேலே போகப் போகப் படிப்படியாக ஒடுங்கும். கீழேயிருந்து யாருக்கும் கண்ணில் படாத உயரத்திலும் கல்லில் வேலைப்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது அந்தக் கொத்தனார்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

ஜூன்மாதக் காவல்:

கட்டடத்தில் மனிதர்கள் மட்டுமா குடியிருக்கிறார்கள்? ஊர் நடுவில் இருக்கிற ஷெரட்டன் ஹோட்டலின் உயரமான விளிம்பில் 1990-களிலிருந்து பொரி வல்லூறுகள் கூடு வைக்கின்றன. டி.டி.டி. பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கி, ஒன்டாரியோவில் இந்தப் பறவையே இல்லை என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. மருந்தைத் தடுத்து, கூண்டில் வளர்த்த குஞ்சுகளை வெளியே விட்டுத்தான் மீட்டெடுத்தார்கள். அவற்றுக்கு மலை முகடும் கட்டட விளிம்பும் ஒன்றுதான், கீழே புறா இருந்தால் போதும்.

ஜூனில் குஞ்சுகள் முதன்முதலாகப் பறக்கும் நாட்களில் தொண்டர்கள் பைனாகுலரோடு தெருவில் காவல் நிற்பார்கள், நானும் நின்றிருக்கிறேன். ஏனென்றால் முதல் தாவலில் பாதிக் குஞ்சுகளுக்கு மேலே ஏறத் தெரியாது, கண்ணாடியில் மோதும், இல்லையென்றால் கிங் தெருவில் வந்து இறங்கும். ஒரு தடவை பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று வந்து உட்கார்ந்தது. பழுப்பு இறகு, தலையில் மட்டும் வெள்ளைப் பூம்பஞ்சு மிச்சம் இருந்தது, உடம்புக்குப் பொருந்தாத பெரிய மஞ்சள் கால்கள். பயப்படவே இல்லை, எங்களைப் பார்த்து வாயைத் திறந்து கத்தியது. நான் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினேன், அனுபவசாலி ஒருவர் பின்னாலிருந்து துணியைப் போட்டு மூடி எடுத்தார். காயம் இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடி கூரையில் கொண்டுபோய் விட்டார்கள். நின்ற பஸ்ஸின் ஓட்டுநர் இறங்கி வந்து குஞ்சு நன்றாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மக்மாஸ்டர் மாணவன்:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மவுண்டன்வாசி அண்ணாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாடகைக்கு அறை தேடி அலைந்து, கடைசியில் ஜன்னல் சரியாக மூடாத ஒரு நிலவறையில் குளிர்காலத்தைக் கழித்தவன் நான். இடம் இருக்கிற ஊரில் 30 மாடியோடு நிறுத்து என்பது மேலே வீடு வைத்திருப்பவர்களின் காட்சியைக் காப்பாற்றத்தானே?

மவுண்டன்வாசி:

தம்பி, நியாயமான கேள்வி. வீடு வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் நகர மையத்தில் வண்டி நிறுத்தும் வெற்று மைதானங்கள் எத்தனை கிடக்கின்றன என்று ஒரு நடை நடந்து பாருங்கள். அவை ஒவ்வொன்றிலும் 10 மாடி, 20 மாடி எழும்பினாலே ஆயிரக்கணக்கில் வீடு கிடைக்கும், அதை எந்த விதியும் தடுக்கவில்லை. துறைமுகக் கரையில் 45 மாடிக் கோபுரம் என்று திட்டம் வந்தபோதும் நான் கேட்டது இதைத்தான். ஒரே இடத்தில் குவிக்கிற உயரத்தை ஏன் ஊர் முழுக்கப் பரப்பக்கூடாது?

காட்சி மேலே இருப்பவர்களுக்கு மட்டும் சொந்தம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழே எந்தத் தெருவில் நின்று தெற்கே பார்த்தாலும் கடைசியில் அந்தப் பச்சைச் சரிவு தெரியும். பார்டன் தெருவில் பழைய வீட்டில் இருப்பவருக்கும் அது தெரிகிறது, இலையுதிர் காலத்தில் சிவப்பாக மாறும்போதும் தெரிகிறது, அதற்கு யாரும் வாடகை கொடுப்பதில்லை. இந்த ஊரின் உயரத்துக்கு அந்தப் பாறையே அளவாக இருக்கட்டும் என்பதுதான் என் பிடிவாதம். உங்கள் நிலவறைப் பிரச்சினைக்கு நகரசபையில் போய்ப் பேச வேண்டியிருந்தால் நானும் கூட வருகிறேன், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஜூன்மாதக் காவல்:

வல்லூறு பார்க்க எப்போது வரலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில்: ஜூன் நடுவில் வாருங்கள். கிங் தெருவில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றால் விளிம்பு நேராகத் தெரியும். தண்ணீர், தொப்பி, பைனாகுலர் கொண்டுவாருங்கள். குஞ்சு கீழே விழுந்தால் நீங்கள் தொடாதீர்கள், பக்கத்தில் நிற்கும் தொண்டரைக் கூப்பிடுங்கள், வண்டிகளை மட்டும் நிறுத்திக் கொடுங்கள்.