விஸ்கோத்து ரின்னுக்குள் ஒட்டிப்போன கார்டுகள்: எப்படிப் பிரிப்பது, எதில் வைப்பது?

வெள்ளவத்தை_06
அண்ணாமார், ஒரு ரின்னுக்குள் றப்பர் பாண்ட் போட்டு வைத்த, சேகரிக்கிற பழைய படக் கார்டுகள் இருக்கு. 1989 டொப்ஸ் கொம்பனியின் பேட்மேன் ஒரு கட்டு, 1993 ஜுராசிக் பார்க் கொஞ்சம், மினுங்குகிற போக்கிமொன் பத்துப் பன்னிரண்டு. ஜுராசிக் பார்க்கில் ஏழெட்டு செங்கல் மாதிரி ஒட்டிக்கிடக்கு. போக்கிமொன் எல்லாம் வளைஞ்சு போச்சு. இன்னும் கொஞ்சம் சி.ஆர். கொப்பியில் (தடித்த மட்டை போட்ட கொப்பி) பசை போட்டு ஒட்டினது. விற்கிற எண்ணம் இல்லை, செட்டாக அல்பத்தில் பார்த்தால் போதும். எங்கே தொடங்கிறது?

பழையபெட்டி
றப்பர் பாண்டை இழுத்துக் கழற்றாதேங்கோ தம்பி. இளகின றப்பர் விளிம்பில் பிடிச்சிருக்கும், இழுத்தால் அச்சும் சேர்ந்து உரியும். கத்தரியால் வெட்டி, தானாக வருவதை மட்டும் எடுங்கோ.

ஒட்டின கட்டுக்குள் கத்தி, பிளேட் விடவே கூடாது. பளபளப்புப் பூச்சுள்ள கார்ட் ஈரத்திலும் அழுத்தத்திலும் இருந்தால் பூச்சே பசையாகிவிடும். கட்டை இரண்டு கையாலும் பிடிச்சு, மிக மெதுவாக முன்னும் பின்னும் வளையுங்கோ. சின்னதாக ஒரு 'டிக்' சத்தம் வந்தால் ஒரு கார்ட் விட்டுட்டுது என்று அர்த்தம். மூலையில் தொடங்கி, பக்கவாட்டாக வழுக்கிற மாதிரிப் பிரியுங்கோ, மேலே தூக்கக் கூடாது. சத்தமே வராவிட்டால் அந்தக் கட்டை அப்படியே விடுங்கோ. வெள்ளை வெள்ளையாக உரிஞ்ச எட்டுக் கார்டை விட ஒட்டின கட்டு மேல்.

பேட்மேன் பைக்கற்றுக்குள் பபிள்கம்மும் வந்தது. கம் ஒட்டியிருந்தால் காற்றை வெளியேற்றி சிப் (zip) வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு மணித்தியாலம் பிரீசரில் வையுங்கோ, கம் நொறுங்கும். ஆனால் ஏசி அறைக்குள் வைத்துத்தான் பையைத் திறக்க வேணும். கொழும்புக் காற்றில் திறந்தால் குளிர்ந்த கார்டில் உடனே தண்ணீர் படியும். பைக்கற்றின் மெழுகுக் கறை என்றால் பளபளப்பான பக்கத்தை மட்டும் பழைய நைலோன் காலுறையால் தேய்க்கலாம்.

கொட்டாஞ்சேனை13
வளைவுக்குக் காரணம் எளிது. மினுக்குத் தாள் ஈரம் குடிக்காது, பின்னாலுள்ள மட்டை குடித்து விரியும். அதனால் விளிம்புகள் படப் பக்கமாக எழும்பும். புத்தகத்தை மேலே வைத்து அழுத்தினால் இரண்டு நாளில் திரும்ப வளையும், ஏனென்றால் ஈரம் அப்படியே உள்ளே இருக்கு.

கார்டுகளோடு காற்றுப் புகாத 5 லீற்றர் பெட்டி ஒன்றில் 100 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்), சின்ன ஈரப்பத மானி ஒன்று வையுங்கள். உள்ளே 45 முதல் 50 வீதம் வந்தால் போதும். நிமிர்ந்த பிறகு பாரம் வையுங்கள். 35க்குக் கீழே போனால் மறுபக்கமாக வளையத் தொடங்கும், அப்போது ஜெல்லைப் பாதியாகக் குறையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்னப் பைகளை நம்பாதீர்கள், அவை எப்போதோ ஈரம் குடித்து முடித்தவை. செம்மஞ்சள் மணி பச்சையானால் அவன் அடுப்பில் 120 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் சூடாக்கித் திரும்பப் போடலாம். வெயிலும் ஹெயார் டிரையரும் வேண்டவே வேண்டாம்.

கடற்கரைப் பக்க அறையின் வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் பெட்டியை வைக்காதீர்கள். பூச்சி உருண்டையும் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். ராமபாணப் பூச்சிக்கு நல்ல மூடியே போதும்.

வெள்ளவத்தை_06
நன்றி அண்ணா. புறக்கோட்டையில் அல்பத்துக்கான ஒன்பது பொக்கெற் பிளாஸ்டிக் தாள் மலிவாகக் கண்டேன். அதை வாங்கலாமா? கொப்பியில் ஒட்டினதை என்ன செய்ய?

பழையபெட்டி
மணந்து பாருங்கோ. புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் பிவிசி என்ற பிளாஸ்டிக். நாள் போக அதிலிருந்து எண்ணெய் மாதிரி கசிந்து அச்சைப் பிடிக்கும். நல்லது பொலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், அது வாசமில்லாமல் சரசரக்கும். சந்தேகம் என்றால் வெளியே வைத்து ஒரு செப்புக் கம்பியைச் சூடாக்கி, தாளின் ஓரத்தில் தொட்டுத் திரும்ப நெருப்பில் பிடியுங்கோ. பச்சைச் சுவாலை வந்தால் பிவிசி. புகையை மூக்கில் எடுக்காதேங்கோ.

கார்டை முதலில் மெல்லிய உறையில் போட்டு, பிறகு தாளில். கோப்பு வாங்கும்போது டி (D) வடிவ வளையம் பாருங்கோ. வட்ட வளையம் முதல் வரிசைக் கார்டை நசித்துத் தழும்பாக்கும். பெரும்பாலானவை 2½ × 3½ அங்குலம், அவை ஒன்பது பொக்கெற்றில் சரியாக இருக்கும். பபிள்கம்மோடு வந்த சின்னத் தாள்களுக்கு முத்திரை சேர்க்கிறவர்களின் தாள்தான் பொருத்தம்.

கொப்பியில் ஒட்டினதைத் தண்ணீரில் ஊறவைத்தால் மட்டை இரண்டாகப் பிளக்கும். பல் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்துப் பாருங்கோ. இடையில் நின்றால் கொப்பித் தாளையே கார்ட் அளவுக்கு வெட்டி அப்படியே உறையில் வையுங்கோ. செலோடேப் என்றால் லைட்டர் திரவம் ஒரு துளி, நெருப்பில்லாத இடத்தில், முதலில் பெறுமதியில்லாத கார்டில்.

மருதானை_காமிக்ஸ்
செட் கணக்கு மட்டும் சொல்றேன். பேட்மேன் முதல் தொடர் 132 கார்ட், 22 ஸ்டிக்கர். இரண்டாவது தொடர் 133இல் தொடங்கி 264 வரை. இரண்டையும் கலந்துவிட்டு "இலக்கம் காணோம்" என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். ஜுராசிக் பார்க் முதல் தொடர் 88. விட்டுப்போன இலக்கத்துக்கு டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் அலையாதீங்க. காமிக்ஸ் கிடைக்கும், கார்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

போக்கிமொன் நடைபாதையில் வாங்கினதா? அப்படியென்றால் போலியா என்று பாருங்க. உருப்பெருக்கியில் விளிம்பைப் பார்த்தால் அசலில் இரண்டு வெள்ளைப் படைக்கு நடுவே மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். டோர்ச் பிடித்தால் போலி கண்ணாடி மாதிரி ஒளி விடும். 1999 ஆங்கில அடிப்படைச் செட் என்றால் மூலையில் இலக்கம் 102க்கு எத்தனையாவது என்று இருக்கும். போலி என்றாலும் வீசாதீங்க, தனித் தாளில் வையுங்க. உறையில் போட்டுப் பழக, லைட்டர் திரவம் சோதிக்க அதைவிட நல்ல பொருள் இல்லை.