சாவி உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது: ஸ்டியரிங் லாக்கை டீலர்கிட்ட விடவா, நாமளே கழட்டவா?

உசிலை_ஹேட்ச்பேக்:
வணக்கம். உசிலம்பட்டியில இருக்கேன். வண்டி 11 வருஷப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். மேனுவல் கியர், சாவித் தலையில சிப் உண்டு, பட்டன் ஸ்டார்ட் கிடையாது. ரெண்டு வாரமா சாவி லாக்கை விட்டுத் திரும்ப அடம் பிடிக்குது. ஸ்டியரிங்கை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டி ஆட்டித்தான் ஸ்டார்ட் பண்றேன். சர்வீஸ் சென்டர்ல கேட்டா, கதவு, டிக்கி எல்லாம் சேர்த்து முழு லாக் செட்டையும் மாத்தணும்கிறாங்க. இக்னிஷன் பூட்டை மட்டும் வாங்கி நாமளே மாட்டலாமா? சாக்கெட் செட்டும் டிரில் மெஷினும் கையில இருக்கு. ஒருநாள் முழுசா பூட்டிக்கிட்டா மதுரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர் எப்படிக் கொண்டு போறது?

பூட்டும்_சாவியும்:
அண்ணே, யாரு கழட்டுறதுங்கிறது அப்புறம். எது கெட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. நாலு இடத்துல ஒண்ணுதான்: ஸ்டியரிங் இறுக்கம், சாவி, சிலிண்டர் (சாவி நுழையுற உருளை), அதுக்குப் பின்னாடி உள்ள லாக் பாடி (பூட்டோட கூடு). முதல் ரெண்டுக்கு ஸ்பானரே தேவையில்லை.

சாவியை எடுத்துட்டு ஸ்டியரிங்கை அசைச்சா லாக் பாடிக்குள்ள இருந்து ஒரு பின் வந்து ஸ்டியரிங் தண்டோட பள்ளத்துல விழும். முன் சக்கரம் கல்லுல முட்டியோ, ஒடிச்சபடியோ நின்னா டயரோட முறுக்கம் பூரா அந்தப் பின் மேல ஏறிக்கும். பின் பின்வாங்க முடியாம சாவியும் நிக்கும். அப்ப ஸ்டியரிங் ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்கும், மறுபக்கம் ஒரு நூல் அசையும். அசையுற பக்கமா லேசாப் பிடிச்சுக்கிட்டு சாவியைப் பையத் திருப்பணும். சமதளத்துல சக்கரத்தை நேரா வச்சு நிறுத்தி 10 தடவை பாருங்க. அப்பவும் அடம் பிடிச்சா இறுக்கம் காரணமில்லை.

அடுத்தது சாவி. சிலிண்டருக்குள்ள மெல்லிசான பித்தளைத் தகடுங்க ஸ்பிரிங் வச்சு வரிசையா நிக்குது. சாவியோட வெட்டு ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துல நிறுத்தணும். ஒண்ணு முடியளவு நீட்டிக்கிட்டு நின்னாலும் சிலிண்டர் சுத்தாது. தினமும் போடுற சாவி மேல பீரோவுல கிடக்கிற ஸ்பேர் சாவியை வச்சு வெயிலுக்கு நேரா பிடிங்க. தேய்ஞ்ச சாவியில மேடெல்லாம் மழுங்கி வழவழன்னு மின்னும். ஸ்பேரோட விளிம்பு அதுக்கு வெளிய மெல்லிய கோடா எட்டிப் பார்க்கும். ஸ்பேர் சாவிக்கு மட்டும் சுலபமாத் திரும்புதுன்னா செலவு சாவியோட முடிஞ்சுது. ஆனா தேய்ஞ்ச சாவியைக் காட்டி நகல் வெட்டாதீங்க, தேய்மானமும் சேர்ந்து நகலாகும். புது வண்டியில சாவிக்கொத்தோட ஒரு சின்ன நம்பர் வில்லை குடுத்திருப்பாங்க. அந்த நம்பரை வச்சு வெட்டினாத்தான் அசல் அளவு கிடைக்கும்.

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் விடாதீங்க. ரெண்டு நாள் வழுக்கும், அப்புறம் புழுதி ஒட்டிப் பசையாகித் தகடுங்க மேலயே நின்னுரும். எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு அடி அடிச்சு, நல்லாக் காயவிட்டு, கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போடுங்க. சாவியை 20 தடவை விட்டு எடுங்க. ஒவ்வொரு தடவையும் துடைச்சுட்டு விடணும்.

ஸ்பானர்_காளவாசல்:
மேல சொன்னது அத்தனையும் சரி. அதுல தீரலைன்னா சிலிண்டருக்கு வருவோம். இங்கதான் அவசரம் இருக்கு. நிறைய மாடல்கள்ல சாவி ஏசிசி (லாக்குக்கு அடுத்த நிலை) வரைக்கும் திரும்பினாத்தான் சிலிண்டரைப் பிடிச்சிருக்கிற குட்டிப் பின்னை அழுத்த முடியும். லாக்லயே நின்னுருச்சுன்னா டிரில் போட்டுப் பிளக்கிறதைத் தவிர வழி இருக்காது. அதனால திரும்பிக்கிட்டு இருக்கும்போதே வேலையை முடிச்சிரணும்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, ஏர்பேக் இருந்தா மேனுவல்ல போட்டிருக்கிற நேரம் காத்திருங்க. 3 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. ஏர்பேக்கோட மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீங்க. ஸ்டியரிங் வீலைப் பெரும்பாலும் கழட்ட வேண்டியதில்லை, ஸ்டியரிங் காலத்தோட (தண்டைச் சுத்தி உள்ள குழாய்) கவரைக் கழட்டினாப் போதும். சிலிண்டர் வாயைச் சுத்தி உள்ள, சாவிச் சிப்பைப் படிக்கிற ஆன்டெனா வளையத்தை எடுத்துட்டு, சாவியை ஏசிசியில வச்சு, பக்கத்துல உள்ள சின்ன ஓட்டை வழியா மெல்லிய கம்பியால அழுத்தி இழுத்தா சிலிண்டர் கையோட வரும். புதுசையும் ஏசிசியில வச்சுத்தான் 'டிக்'குனு தள்ளணும்.

லாக் பாடி அப்படி இல்லை. அதைக் காலத்தோட இறுக்கியிருக்கிறது ஷியர் போல்ட்; இறுக்கும்போதே தலை முறிஞ்சு விழுற மாதிரி செஞ்சது, ஸ்பானர் பிடிக்க இடமே இருக்காது. உளியை விளிம்புல சாய்ச்சு வச்சு இடது சுத்தா தட்டியோ, நடுவுல டிரில் போட்டு எக்ஸ்ட்ராக்டர் (முறிஞ்ச போல்ட்டைக் கடிச்சுச் சுத்தி எடுக்கிற கருவி) விட்டோதான் எடுக்கணும். ஓங்கி அடிச்சா வேற செலவு வந்துரும். விபத்துல காலம் மடங்கறதுக்காக வச்ச பிளாஸ்டிக் பின்னுங்க உடையலாம். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் காலத்துலயே இருக்கிற வண்டியில டார்க் சென்சாரும் (ஸ்டியரிங் முறுக்கை அளக்கிறது) அடி வாங்கும். இரும்புத்தூள் கனெக்டருக்குள்ள போனா இன்னொரு தலைவலி. வீட்டு டிரில்லை நம்பி இதுல இறங்காதீங்க. டீலர்கிட்டயோ நல்ல கடையிலயோ விடுங்க, புது ஷியர் போல்ட்தான் போடணும்னு கண்டிப்பாச் சொல்லுங்க.

சிப்_சாவி:
சகோ, முழு செட் ஏன் சொல்றாங்கன்னா, கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி இருக்கணும்னுதான். ரெண்டு சாவி வச்சுக்க உங்களுக்குச் சம்மதம்னா அது கட்டாயமில்லை. சேஸிஸ் நம்பரைக் குடுத்து சிலிண்டர் தனியா வருதான்னு கேளுங்க. இன்னொரு வழியும் இருக்கு: கைதேர்ந்த பூட்டுக்காரர்கிட்ட குடுத்தா புது சிலிண்டரோட தகடுகளை உங்க சாவிக்கு ஏத்தபடி மாத்தி அடுக்கித் தருவார். தேய்ஞ்ச சாவியைக் குடுக்காதீங்க, ஸ்பேரைக் குடுங்க.

புது சாவியில சிப் இல்லைன்னா பூட்டு திரும்பும், இன்ஜின் எடுக்காது. பழைய சாவித் தலையில உள்ள சிப்பைப் பதமா எடுத்துப் புதுசுக்கு மாத்தினா புரோகிராமிங்கே வேண்டாம்.

எஸ்டிமேட்ல பாகம், லேபர், புரோகிராமிங் மூணையும் தனித்தனியாப் போடச் சொல்லுங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பழைய எஸ்டிமேட்ல 28 இருந்தா திருத்தச் சொல்லுங்க.

முழுசாப் பூட்டிக்கிட்டா கயிறு கட்டி இழுக்கவே கூடாது, வளைவுல வண்டி திரும்பாது. பிளாட்பெட் (வண்டியையே மேல ஏத்திட்டுப் போற லாரி) கூப்பிடுங்க, இல்லைன்னா முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்ட் பிரேக்கை எடுத்து விட்டுட்டு இழுக்கணும். உங்க இன்ஷூரன்ஸ்ல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு முதல்ல பாருங்க.

உசிலை_ஹேட்ச்பேக்:
எல்லாருக்கும் நன்றி. சக்கரத்தை நேரா வச்சு, சுத்தம் பண்ணி, கிராஃபைட் போட்டுப் பார்த்தேன். பழைய சாவிக்கு 20-க்கு 9 தடவை திரும்புச்சு, ஸ்பேருக்கு 17. பழைய சாவியை ஆன்ல இருக்கும்போதே உருவ முடியுது. இங்க ஒரு மெக்கானிக் லாக் பின்னையே வெட்டி எடுத்துரலாம்கிறார். செய்யலாமா?

ஸ்பானர்_காளவாசல்:
வேண்டவே வேண்டாம். பாதி வெட்டின பின்னோ, ஸ்பிரிங்கோட மிச்சமோ உள்ள தங்கிட்டா, ஆண்டிப்பட்டி கணவாய் வளைவுல அது ஸ்டியரிங் தண்டுல போய் மாட்டுறதுக்கு ஒரு குலுக்கல் போதும். பின்னை எடுத்த வண்டிக்குத் திருட்டுப் பாதுகாப்பும் போச்சு.

ஸ்பேருக்கே 17ன்னா சாவி, சிலிண்டர் ரெண்டும் தேய்ஞ்சிருக்கு. ஆன்ல சாவி உருவி வர்றது அதுக்கு உறுதியான அடையாளம். லாக் பாடியைத் தொடாம சிலிண்டரை மட்டும் மாத்துங்க, அது உங்க கையாலயே முடியும். அதுவரைக்கும் ஸ்பேர் சாவியை மட்டும் போடுங்க, தூரப் பயணம் வேண்டாம்.

மாட்டினதும் கவரை மூடாம சோதிங்க. சாவியை எடுத்து ஸ்டியரிங்கை அசைச்சா 'டக்'குனு பூட்டணும். சாவி போட்டு ஏசிசிக்கு வந்ததும் ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் 5 தடவை திருப்புங்க; எங்கயும் தட்டக் கூடாது, உரசக் கூடாது. பேட்டரியை மாட்டி ஆன் பண்ணினா ஏர்பேக் விளக்கு சில விநாடியில அணையணும். பழைய சாவிங்களையும் பில்லையும் தூக்கிப் போட்டுராதீங்க. வண்டி திருடுபோனா இன்ஷூரன்ஸ்காரங்க ரெண்டு சாவியையும் கேப்பாங்க.