கால் தானா துள்ளுது, ஆனா அண்ணனுக்கு தெரியல. நல்ல அறிகுறியா?

கொங்குதம்பி:
வணக்கம்ங்க, பொள்ளாச்சி பக்கம் நாங்க. அண்ணன் தென்னமரத்துல இருந்து விழுந்து ஆறு வாரம் ஆச்சுங்க. முதுகெலும்புல டி10ங்கற எலும்பு நொறுங்கி தண்டுவடம் நசுங்கிருச்சுன்னு எம்ஆர்ஐ பாத்துட்டு சொன்னாங்க, ராடு ஸ்க்ரூ வச்சு ஆபரேஷன் முடிஞ்சு இப்ப வீட்டுல இருக்காரு. கை ரெண்டும் நல்லா இருக்கு, தொப்புளுக்கு கீழ தொட்டா தெரியல, கால அசைக்க முடியல. மொதல்ல காலு ரெண்டும் ஈரத்துணி மாதிரி தொவண்டு கெடந்துச்சு, நாலு நாளா போர்வைய இழுத்தா எடது காலு வெடுக்குன்னு மடங்குது. அம்மா காலு வந்துருச்சுன்னு மாசாணியம்மனுக்கு நேர்ந்துகிட்டாங்க. அண்ணன கேட்டா காலு மடங்குனதே தெரியலைங்கறாரு. இனி நடந்துருவாருங்களா?

பிசியோ அக்கா:
தம்பி, அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க, அது அவரா நெனச்சு அசைக்கறது இல்ல. அடிபட்ட புதுசுல தண்டுவடம் ஸ்தம்பிச்சு போயிடும், ஸ்பைனல் ஷாக்னு சொல்வோம், அதான் தொவண்டு கெடந்துச்சு. அது விலக விலக காயத்துக்கு கீழ இருக்குற தண்டுவடம் தன்னால வேலை செய்ய ஆரம்பிக்கும். போர்வை உரசுற சேதி அதுவரைக்கும் போய் அங்கிருந்தே தசைக்கு திரும்பிடுது, மூளைக்கு ஏறவே இல்ல, அவருக்கு எப்படி தெரியும்? மூளை மேல இருந்து அடக்கி வைக்க முடியாததால இழுப்பும் முரட்டுத்தனமா இருக்கும்.

பாக்க வேண்டியது வேற. அவரா நெனச்சு கால் கட்டைவிரல அசைக்கறாரா, ஆசனவாய சுத்தி தொட்டா தெரியுதா, அத இறுக்க முடியுதா. தண்டுவடத்தோட கடைசி நரம்புங்க அங்கதான் வருது, அங்க லேசா உணர்ச்சி இருந்தாக்கூட இன்கம்ப்ளீட் அடி, அதாவது தண்டுவடத்துல சேதி போற வழி முழுசா அடைபடலன்னு அர்த்தம், மீள்ற வாய்ப்பு கூடுதல். பஞ்சால மட்டும் இல்ல, குண்டூசியாலயும் பாக்கணும், தொடுறதும் வலியும் தண்டுவடத்துல வேற வேற பாதைல போகுது. கூச்சப்படாம டாக்டர்கிட்ட கேளுங்க.

திருச்சி வீல்சேர்:
தம்பி, நான் 11 வருஷமா வீல்சேர்ல இருக்கேன், பைக் ஆக்சிடென்ட், டி8. காலு துள்ளுனப்ப எங்க வீட்லயும் இதே சந்தோஷம்தான். நடக்குறது அப்புறம், இப்ப தோல பாத்துக்கங்க. ஒருநாள் டீ டம்ளர தொடையில இடுக்கி வச்சுகிட்டு போன் பேசிட்டே இருந்தேன், சாயந்திரம் கைலி ஈரமா இருக்கேன்னு வெலக்கி பாத்தா தொடை பூரா கொப்புளம், ஒரு துளி வலி இல்ல. ஒரே பக்கம் படுத்தா நமக்கு வலிக்கும், தூக்கத்துலயே பொரண்டுக்குவோம், அண்ணனுக்கு அந்த வலி வராது. ராத்திரியும் சேத்து 2 மணி நேரத்துக்கு ஒருதடவ நீங்கதான் பொரட்டி விடணும். முடிஞ்சா வேலூர் சிஎம்சியோட பாகாயம் மறுவாழ்வு மையத்துக்கு கூட்டிட்டு போங்க. அது உருவாக காரணமா இருந்த டாக்டர் மேரி வர்கீஸே 1954ல விபத்துல கால் செயலிழந்து, வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ணவங்க.

கொங்குதம்பி:
ரொம்ப நன்றிங்கக்கா, நன்றிங்கண்ணா. இப்பதான் பொரட்டி பாத்தேன், வால் எலும்புகிட்ட ஒரு ரூபா காசு அளவு செவந்திருக்கு, விரலால அமுக்குனா வெளுக்க மாட்டேங்குது. தேங்காண்ணெ தேய்க்கலாமுங்களா?

பிசியோ அக்கா:
தேய்க்கவே கூடாது தம்பி, அதான் படுக்கைப்புண்ணோட ஆரம்பம். இப்பவே ஒருக்களிச்சு படுக்க வைங்க, முழங்காலுக்கு நடுவுல தலகாணி குடுங்க, அந்த எடத்துல துளி பாரம் படக்கூடாது, காலைல மொத வேலையா டாக்டர்கிட்ட காட்டுங்க. குதிகாலயும் பாத்தீங்களா?