ஸ்கா இசையின் 'ஆஃப்பீட்': தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், கோவை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் நடத்தும் ஓர் இசை இதழுக்காக, ஸ்கா இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கான அறிமுகக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1950களின் இறுதியில் இந்த இசை உருவான கதையும், 1962 ஆகஸ்ட் 6 அன்று அந்நாடு விடுதலை பெற்ற காலத்தில் அது பெற்ற ஏற்றமும், 1979இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ டோன் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியே அது மறுபிறப்பெடுத்ததும் தடையின்றித் தமிழில் வந்துவிட்டன. கட்டுரையின் உயிர்நாடியான ஒரு சொல்லில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

ஸ்கா பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். கிட்டாரும் பியானோவும் அந்தத் தட்டுகளின்மேல் விழுவதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நட்டநடுவே அவை விழுகின்றன. விழுந்த கணத்திலேயே ஒலி அறுபட்டும் போகிறது. கிங்ஸ்டனின் ஸ்காடலைட்ஸ், கோவென்ட்ரியின் தி ஸ்பெஷல்ஸ், பாஸ்டன் நகரத்து மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் ஆகிய மூன்று குழுக்களையும் ஒரே பெயரால் அழைக்க இடம் தருவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். இதைக் காது பிடித்துக்கொண்டால், நல்ல குழு எது என்பதை வாசகரே தேடிக் கண்டுகொள்வார். ஆகவே ஆங்கிலத்தில் 'ஆஃப்பீட்' எனப்படும் இதற்குக் குழப்பமில்லாத ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். 'எதிர்த்தாளம்', 'மறுதட்டு' என்ற இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மனம் நிறையவில்லை.

மடல் 2: மிருதங்க ஆசிரியர், தஞ்சாவூர்

அன்புடையீர், 'எதிர்த்தாளம்' வேண்டாம். தாளம் என்பது முழுச் சுற்று. நீங்கள் குறிப்பிடுவது அந்தச் சுற்றுக்குள் இருக்கும் ஓர் இடம். ஸ்காவில் தாளத்துக்கு எதிராக எவரும் வாசிப்பதில்லை. எல்லோரும் ஒரே தாளத்துக்குள்தான் நிற்கிறார்கள். 'அனாகதம்' என்ற சொல்லை யாரேனும் முன்மொழியக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அது பாட்டின் எடுப்பு தாளத்துக்குப் பின்னால் தொடங்குவதைக் குறிக்கும் சொல். தட்டுக்குத் தட்டு, பாட்டு முடியும்வரை திரும்பத் திரும்ப விழும் ஓர் ஒலிக்கு அது பொருந்தாது. 'வீச்சு' என்பதும் ஆகாது. ஆதி தாளத்தில் கையைத் திருப்பிப் போடும் வீச்சு ஒரு முழு எண்ணிக்கை. இரு எண்ணிக்கைகளுக்கு இடைப்பட்ட பாதி அன்று.

கச்சேரி மேடையில் நாங்கள் அன்றாடம் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: 'அரையிடம்'. அரையிடம் தள்ளி எடுக்கும் பாட்டு என்றால் இசை பயிலும் சிறுவனுக்கும் விளங்கும். அதையே பயன்படுத்துங்கள்.

சொல்லைவிடப் பயன் தரக்கூடிய ஒரு வழியையும் சொல்கிறேன். மாணவர்களை 'தக தக தக தக' என்று சொல்லச் சொல்லுங்கள். 'த' வரும்போதெல்லாம் கால் தரையைத் தொட வேண்டும். சிறிது நேரத்துக்குப் பிறகு 'த'வை மனத்துக்குள் அடக்கிக்கொண்டு 'க'வை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தரையில் கால், வாயில் 'க'. கால் விழும் இடத்தில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கருவி நடக்கும். 'க' விழும் இடத்தில் கிட்டார் ஒலிக்கும். இதைச் செய்து பார்த்தவர் ஸ்காவைத் தவறவிட மாட்டார்.

மடல் 3: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

பெரியோர்களே, கேட்கப்படும் பொருளுக்குத் தமிழில் பழஞ்சொல் இருக்கும்போது புதிதாக ஏன் புனைய வேண்டும்? சிலப்பதிகார உரைமரபில் தாளத்தின் உறுப்புகள் கொட்டு, அசை, தூக்கு, அளவு என நான்காகச் சொல்லப்படுகின்றன. கொட்டுக்கு அரை மாத்திரை, அசைக்கு ஒன்று, தூக்குக்கு இரண்டு, அளவுக்கு மூன்று. அரை மாத்திரையே ஒலித்து அறுபடும் கிட்டார் ஒலிக்குக் 'கொட்டு' என்பதைவிடப் பொருத்தமான பெயர் எது? மெய்யெழுத்துக்கும் குற்றியலுகரத்துக்கும் அதே அரை மாத்திரைதான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தமிழ்க் காது அந்த அளவை ஈராயிரம் ஆண்டுகளாக அறிந்தே வந்திருக்கிறது.

இன்னொன்று. 'ஸ்கா' என்ற எழுத்துமுறையை எதிர்க்கிறேன். மெய்யெழுத்துத் தமிழில் மொழிக்கு முதலில் வாராது, 'ஸ'வும் தமிழெழுத்தன்று. 'இசுக்கா' என்று எழுத வேண்டும். 'இசுகா' என்றால் ககரம் மென்மையாக ஒலித்துவிடும் என்பதால் ஒற்று இரட்டிக்க வேண்டும்.

மடல் 4: மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவர், சென்னை

ஐயா, தங்கள் புலமைமேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் இந்தக் கட்டுரையைப் படிக்கப்போகும் மாணவர், படித்த கையோடு கைப்பேசியில் குழுவின் பெயரைத் தேடுவார். 'இசுக்கா' என்று தட்டினால் அவருக்கு ஒரு பாட்டும் அகப்படாது. இசை அவரைச் சென்றடைவதற்கு இடையூறான எழுத்துமுறை, மொழித் தூய்மையைக் காத்தாலும் கட்டுரையின் நோக்கத்தைக் காக்காது.

'கொட்டு' என்றதும் மேளமும் தவிலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஸ்காவில் உண்மையிலேயே தாள வாத்தியம் வேறு வேலை செய்கிறது என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ஸ்காடலைட்ஸின் டிரம்ஸ் கலைஞர் லாயிட் நிப்பைக் கவனியுங்கள். நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் அவர் அழுத்தம் தருகிறார். அதற்குப் பெயர் பேக்பீட். அது முழு எண்ணிக்கையின்மேல் விழுவது. கிட்டார் விழுவது எண்ணிக்கைகளுக்கு நடுவில். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான், புதிதாகக் கேட்பவர்களில் பலர் ராக் பாட்டையும் ஸ்காவையும் பிரித்தறிய முடியாமல் தவிக்கிறார்கள்.

எங்கள் மேடையில் 'ஆஃப்பீட்' என்றே சொல்கிறோம். அதுவே போதும் என்பது என் எண்ணம். தமிழ்ச்சொல் வேண்டுமென்றே முடிவானால் 'வெட்டு' என்பதைப் பரிசீலியுங்கள். இடக்கை விரல்களால் கம்பிகளை அழுத்திக்கொண்டு வலக்கையால் ஒருமுறை வீசியதும், இடக்கை விரல்களை உடனே தளர்த்திவிடுகிறோம். விரல் கம்பியைவிட்டு விலகுவதில்லை; பிடியின் இறுக்கம் மட்டும் போகிறது. ஒலி அங்கேயே வெட்டுப்படுகிறது. இந்தத் தளர்வு ஒரு நொடிக்கூறு தாமதித்தாலும் ஸ்கா தொலைந்துவிடும். சிலர் இதை 'மேல்மீட்டு' என்று எழுதக் கண்டிருக்கிறேன். கீழிருந்து மேலாக மீட்டுவது பெருவழக்கு என்றாலும் மேலிருந்து கீழாக மீட்டியும் இதே ஒலியை எழுப்பலாம். பியானோவுக்கும் சாக்ஸஃபோனுக்கும் மேலும் இல்லை, கீழும் இல்லை.

மடல் 5: வாசகர், இலண்டன்

சொல்லைப் பற்றிக் கருத்துரைக்கும் தகுதி எனக்கில்லை. கேட்கும் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். 1964இன் கிங்ஸ்டன் ஒலிப்பதிவுகளில் நேரே இறங்குவோருக்கு அந்தப் பழைய ஒலித்தரம் சற்று அந்நியமாக இருக்கும். இணை இணையாகக் கேட்பதே நல்ல வழி. ஜமைக்கப் பாடகர் பிரின்ஸ் பஸ்டர் 1964இல் வெளியிட்ட 'ஒன் ஸ்டெப் பியாண்ட்', 1979இல் மேட்னஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்புக்குப் பெயராகவும் முதல் பாட்டாகவும் வந்தது. மேட்னஸ் என்ற குழுப் பெயரே பஸ்டரின் பாட்டொன்றிலிருந்து எடுத்ததுதான். அதேபோல் டாண்டி லிவிங்ஸ்டன் 1967இல் பாடிய ரூடி பாட்டை 1979இல் தி ஸ்பெஷல்ஸ் பாடினார்கள். இரண்டிலும் டிராம்போன் ஊதியவர் ரிக்கோ ரோட்ரிகஸ். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் மூச்சு! அவர் கிங்ஸ்டனின் ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் படித்தவர். கன்னியாஸ்திரீகள் நடத்திய அந்தப் பள்ளியில்தான் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக் உள்ளிட்ட ஸ்காடலைட்ஸ் கலைஞர்கள் பலரும் வாத்தியம் பயின்றார்கள். இவ்விணைகளைக் கேட்டவர் தாமாகவே ஸ்காடலைட்ஸைத் தேடிப் போவார்.

மடல் 6: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

கிட்டார் நண்பரின் விளக்கம் அருமை. ஆனால் அது என் கருத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒலி குறுகி அறுபடுவதுதான் இசுக்காவின் இலக்கணம் என்று அவரே சொல்லிவிட்டார். குறுக்கத்தின் பெயர்தான் கொட்டு.

'இசுக்கா' என்ற பெயரின் பிறப்பையும் பார்க்க வேண்டும். கிளூ ஜே என்று அழைக்கப்பட்ட பாஸ் கலைஞர் நண்பர்களை விளிக்கப் பயன்படுத்திய 'ஸ்காவூவி' என்ற சொல்லின் குறுக்கம் அது என்பது ஒரு சாரார் கூற்று. கிட்டாரின் உரசலொலியைக் குறிக்க இசைஞர்கள் இட்ட ஒலிக்குறிப்பு என்பது மற்றொரு சாரார் கூற்று. ஜமைக்கக் கிட்டார் கலைஞர் எர்னெஸ்ட் ராங்லின் இந்தப் பக்கம். நான் இரண்டாவதையே ஏற்கிறேன். அவ்வாறாயின் அது தமிழ் மரபில் இரட்டைக்கிளவியாகும். 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்பது தொல்காப்பியம். ஒற்றை வெட்டுக்குப் பொருளில்லை. அடுக்கி வந்தால்தான் இசுக்கா. மிருதங்க ஆசிரியரின் 'தக தக'வும் இதைத்தான் மெய்ப்பிக்கிறது. 'க' என்னும் எழுத்து இசுக்காவின் ஈற்றிலும் நிற்பதைக் கவனியுங்கள். ஆகவே 'ககரக் கொட்டு' என்றும் வழங்கலாம்.

மேலும், கிளெமென்ட் காக்ஸன் டாட் தம் ஒலிபெருக்கிக் குழுவுக்கு 'டவுன்பீட்', அதாவது தட்டு விழும் இடம், என்று பெயர் வைத்திருந்தார். அவரே பின்னர் ஸ்டூடியோ ஒன்னை நிறுவி இந்த இசையை வளர்த்தவர். தட்டின் பெயரைத் தாங்கியவரிடமிருந்தே தட்டுக்கு நடுவில் விழும் இசை புறப்பட்டது என்பதைக் கட்டுரையில் சேர்க்கக் கோருகிறேன்.

மடல் 7: மிருதங்க ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, அரை மாத்திரை என்பது ஒலி நிற்கும் கால அளவு. அரையிடம் என்பது ஒலி விழும் இடம். முதல் எண்ணிக்கையின்மேலேயே அரை மாத்திரைக் கொட்டு ஒன்றை வைக்கலாம். அது ஸ்கா ஆகாது. நீண்ட ஒலியை அரையிடத்தில் வைக்கலாம், அதுவும் ஆகாது. இடம், குறுக்கம் ஆகிய இரண்டும் சேர வேண்டும் என்பதால் கிட்டார் நண்பரின் சொல்லையும் என் சொல்லையும் இணைத்து 'அரையிட வெட்டு' என்று முன்மொழிகிறேன். பேக்பீட்டுக்கு 'இரண்டு-நான்கு அழுத்தம்' என்று வெளிப்படையாகவே எழுதிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச்சொல் தேட வேண்டியதில்லை.

மடல் 8: மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பெரும்பாலோர் 'அரையிட வெட்டு' பக்கம் நிற்கிறார்கள். நாள் இல்லாததால் அதையே ஏற்றுப் பக்கங்களை அனுப்பிவிட்டேன். முதன்முறை வரும் இடத்தில் 'ஆஃப்பீட் என்று இசைஞர்கள் சொல்லும் அரையிட வெட்டு' என்று எழுதியிருக்கிறேன். இசையின் பெயர் 'ஸ்கா' என்றே நிற்கிறது.

சொல் கிடைத்ததும் கட்டுரையின் கடினமான பகுதிகள் தாமாகத் திறந்துகொண்டன. வெய்லர்ஸ் குழுவின் 'சிம்மர் டவுன்' பாட்டில், முதல்முறை பாஸை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாம் முறை அரையிட வெட்டை மட்டும் பின்தொடருங்கள், மூன்றாம் முறை இரண்டுக்கும் மேலே ஊதுகருவிகள் எப்படி மிதக்கின்றன என்று பாருங்கள் என எழுத முடிந்தது. அங்கே பின்னணி வாசிப்பவர்கள் ஸ்காடலைட்ஸ் கலைஞர்கள்தான். 1990களின் அமெரிக்கக் குழுக்கள் பல, பல்லவி வரும்போது வெட்டைக் கைவிட்டு பங்க் இரைச்சலுக்குத் தாவுவதையும், பழைய முறையை விரும்புவோர் லாஸ் ஏஞ்சலிஸின் ஹெப்கேட்டையும் நியூயார்க்கின் ஸ்லாக்கர்ஸையும் நாடலாம் என்பதையும் இந்தச் சொல்லை வைத்தே விளக்கினேன். டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா, பிலடெல்பியாவின் கேட்பைட், டெல்லியின் ஸ்கா வெஞ்சர்ஸ் ஆகியோரும் பட்டியலில் உண்டு. இலண்டன் நண்பர் சொன்ன இணைகளையே வரிசையின் தொடக்கமாக வைத்திருக்கிறேன். டவுன்பீட் செய்தியும் இடம்பெற்றிருக்கிறது.

மடல் 9: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

பெரும்பான்மையை மதிக்கிறேன்; உடன்படவில்லை என்பதைக் குழும ஆவணத்துக்காகப் பதிவு செய்கிறேன். கம்பியை வெட்டலாம், மூச்சை வெட்டுவதாகச் சொல்வது தமிழ் வழக்கா? சாக்ஸஃபோனும் அதே இடத்தில் ஊதும்போது அதையும் வெட்டு என்பீர்களா? 'அரையிடக் கொட்டு' என்றிருந்தால் மூன்று கருவிகளுக்கும் பொருந்தியிருக்கும். அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாகவேனும் அச்சொல் இடம்பெற வேண்டும்.

இந்த இசைக்கு ஆடும் ஆட்டத்தை 'ஸ்காங்க்' என்கிறார்கள்; கிட்டார் வாசிப்புக்கும் அதே பெயர் வழங்குகிறது. அதைக் கட்டுரையில் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று தாங்கள் சொல்லவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். தஞ்சை ஆசிரியர் அதில் முதலில் எழுத வேண்டும்.