ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள்தான் என் வாடிக்கை

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு சங்குக் கடை வைத்திருக்கிறேன். சங்கு, சோழி, பாசிமாலை, சங்கில் பெயர் எழுதிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. "லீவுக்கெல்லாம் கூட்டம் பழையபடி வருதாமே?" என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கூட்டம் வருகிறது. ஏவாரம் வேறு கணக்கு.

2020 மார்ச்சில் இழுத்து மூடிய ஷட்டரைப் பல மாதம் கழித்துத் திறந்தபோது சங்குக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. ஒருவழியாகத் தலை நிமிர்ந்தோம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ரயிலில் வருகிறவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, பஸ்ஸோ வேனோ பிடித்து வர வேண்டும். அப்போதும் கோயிலில் வரிசை நீளமாகத்தான் இருந்தது. ஆனால் 22 தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, ஈரத்துணியோடு வெளியே வந்தால் வேன்காரர் ஹாரன் அடிப்பார். மாலையைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். தரிசனம் முடிந்து சாயங்கால ரயிலுக்கு இருக்கிற அந்த வெட்டி நேரத்தில்தான் எங்களுக்குச் சோறு என்று அப்போதுதான் புரிந்தது.

புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. அந்த வருஷம் பூஜை லீவில் கொல்கத்தாவிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறதாம். அந்த அம்மா விலை கேட்கவில்லை, ஒரு சங்கை எடுத்து ஊதினார். வைத்துவிட்டு அடுத்தது. அவர்கள் ஊரில் வீட்டுப் பூஜையில் பெண்களே ஊதுவார்களாம். எட்டாவது சங்கில் முகம் மலர்ந்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். அதைப் பார்த்து நான்கு பேர் சங்கு வாங்கினார்கள். எனக்கு இன்றுவரை ஒழுங்காக ஊத வராது, பக்கத்துக் கடை அண்ணன் அதையே சொல்லிச் சிரிக்கிறார்.

அரைப் பரீட்சை லீவு நேர்மாறு, கூட்டம் இருக்கும், ஏவாரம் இருக்காது. ஐயப்பசாமிமார் பஸ்களும் அப்போதுதான். போதாததற்கு பாம்பன் ரோட்டுப் பாலத்தில் காரை நிறுத்திவிட்டு, ரயில் வருமா என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் வண்டி மண்டபம் வரை நிற்கும். திருச்சியிலிருந்து வந்த ஒருவர், "தனுஷ்கோடி அரிச்சல்முனை போகாமலே திரும்புகிறோம் தம்பி, ரூமுக்கு இரண்டு மடங்கு வாடகை வேறு" என்று கடுப்போடு சொன்னார். லாட்ஜ் பெயரையும் சொன்னார், அது எதற்கு இங்கே. பையன் அழுததால் ஒரு சோழிச் சாவிக்கொத்து வாங்கினார், அவ்வளவுதான்.

கோடை லீவுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், வறுவல் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். சாயங்காலத்துக்கு மேல் தனுஷ்கோடிப் பக்கம் வண்டி விட மாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

ரயிலில் வந்தால் பெட்டியைக் கடையில் வைத்துவிட்டுப் போகலாம். காசு வேண்டாம். திரும்பி வந்து எடுக்கும்போது இரண்டு சங்கை ஊதிப் பாருங்கள், போதும்.