மறுமொழி: 'கிரீப்பிங் பராஜ்' - தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

'கிரீப்பிங் பராஜ்' (creeping barrage) என்பது முன்னேறும் காலாட்படைக்கு முன்னால் படிப்படியாக நகர்ந்து போகும் பீரங்கித் தாக்குதல். இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில்கள்.

> 'தவழும் குண்டுமழை' என்று போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறு ஏதோ புரியும். மழை என்றால் எல்லாப் பக்கமும் கொட்டுவது. முதல் உலகப் போரில், பிரான்சில் விமி முகட்டின் மேல் 1917 ஏப்ரல் 9 விடியற்காலை 5.30க்குக் கனடியப் படையின் முன்னால் கிளம்பியது அப்படிப்பட்டதல்ல. குறுக்கே ஒரே வரிசையாக, ஒரு திரை போல விழுந்த குண்டுகள். சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வரிசை நூறு கஜம் முன்னே தள்ளிப் போகும். பீரங்கிக்காரர் சுட்டது கையில் இருந்த நேரப் பட்டியலைப் பார்த்து. பின்னால் வந்த காலாட்கள் அதை ஒட்டி நடக்கவேண்டும். முந்தினால் சொந்தக் குண்டே தலையில் விழும். பிந்தினால் நிலவறையில் பதுங்கியிருந்த ஜெர்மானியர் மேலே ஏறி இயந்திரத் துப்பாக்கியைப் பூட்டிவிடுவார்கள்.

இதற்காக எடுத்த பயிற்சியைப் பாருங்கள். போர்முனைக்குப் பின்னால் ஒரு வெளியில் எதிரியின் பதுங்குகுழிகளை நாடா கட்டிக் குறித்தார்கள். குண்டு விழும் வரிசைக்குப் பதிலாக அதிகாரிகள் கொடி பிடித்துக் குதிரை மேல் மெல்ல முன்னே போவார்கள். சிப்பாய்கள் கடிகாரத்தோடு அந்தக் கொடிகளுக்குப் பின்னால் நடந்து பழகினார்கள். குதிரை, கொடி, கடிகாரம்! இருபதாம் நூற்றாண்டுப் பீரங்கிப் போருக்கு ஒத்திகை இப்படித்தான் நடந்தது.

குண்டு படாமல் ஓர் இடத்தை விட்டால் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே பார்த்தார்கள். முகட்டின் மிக உயர்ந்த பகுதியான 145ஆம் குன்றில், பிடித்த பிறகு தங்களுக்கு உதவும் என்று கனடாவின் 87ஆம் பட்டாலியனின் தலைமை அதிகாரி ஜெர்மானியப் பதுங்குகுழி ஒன்றின் ஒரு பகுதியை உடைக்காமல் விடச் சொல்லியிருந்தார். விட்டார்கள். அங்கிருந்த இயந்திரத் துப்பாக்கிகள் அவருடைய ஆட்களையே சாய்த்தன. நான்கு நாள் சண்டையில் செத்த கனடியர் 3,598 பேர்.

அதனால் 'திரை' வேண்டும் என்பது என் கட்சி. 'தவழ்' வேண்டாம், அது குழந்தைக்கு இருக்கட்டும்.

> அப்படியானால் 'ஊர்திரை'? சின்னதாக, அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் 'ஊர்' என்றதும் கிராமம்தான் நினைவுக்கு வரும். இன்னொன்று, வேகம் சொல்லுக்குள் வரக் கூடாது. அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் பாஸ்செண்டேல் சேற்றில் ஆள் காலை எடுத்து வைக்கவே திணறியதால் திரையை விமியைவிட மெதுவாக நகர்த்தினார்கள். வேகத்தை நிலம்தான் முடிவு செய்தது. திரை முன்னே நகர்கிறது என்பது மட்டும் சொல்லில் இருந்தால் போதும்.

> 'எறிகணை' ஈழ வழக்கு. தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாது.

'எறிகணை' என்றால் பீரங்கி எறியும் குண்டு, ஆங்கிலத்தில் 'ஷெல்'. யாருக்கும் என்பது மிகை. இலங்கைப் போர்ச் செய்தி படித்த எவருக்கும் தெரியும். 'குண்டு' என்றால் துப்பாக்கியில் போவதும் குண்டு, விமானம் போடுவதும் குண்டு, கையால் எறிவதும் குண்டு. பேச்சுக்குச் சரி, படைத்துறை அகராதிக்கு ஆகாது. மேலும் கனடாவின் போர் வரலாற்றைத் தமிழில் தேடிப் படிக்கப்போகிறவர்களில் டொராண்டோப் பக்கத்து ஈழத்தமிழர் நிறையப் பேர் இருப்பார்கள். வீட்டில் 'ஷெல்லடி' என்று சொன்னவர்கள், செய்தித்தாளில் 'எறிகணை' என்று படித்தவர்கள். நல்ல சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் அடிக்கவேண்டும்?

'நகர் எறிகணைத் திரை' என்று யாரும் சுருக்கிவிடாதீர்கள், யாரோ நகரத்தைத் தாக்குகிறார்கள் என்று ஆகிவிடும். நான் முன்வைப்பது 'முன்னகர் எறிகணைத் திரை'. நீளம்தான். ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலிருந்து 'திரை' என்றே எழுதலாம். இடம் மாறாமல் விழுவதற்கு 'நிலை எறிகணைத் திரை', ஒரு இடத்தை நாலு பக்கமும் அடைப்பதற்கு 'சூழ் எறிகணைத் திரை'. முன்னொட்டை மட்டும் மாற்றினால் குடும்பமே கிடைத்துவிடுகிறது. குண்டுமழையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

அப்புறம், எதிரிப் பீரங்கிகளைத் தேடும் பொறுப்பில் இருந்த கனடிய அதிகாரி மெக்நாட்டனின் குழு செய்த வேலைக்கும் சொல் வேண்டும். எதிரிப் பீரங்கியின் சத்தம் வரிசையாக வைத்த ஒலிவாங்கிகளுக்கு வந்து சேரும் நேர வேறுபாட்டை அளந்து, பீரங்கி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. சுடும்போது தெரியும் வெளிச்சம், விமானப் படம் எல்லாம் சேர்த்து விமியில் எதிரியின் 212 பீரங்கிகளில் ஏறத்தாழ 83 விழுக்காட்டைத் தாக்குதலுக்கு முன்பே குறித்து வைத்திருந்தார்கள். 'ஒலிவழி இடங்காணல்' என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஒலியளவை' என்று யாராவது சொல்லப்போகிறார்கள், அது நிலஅளவைக்காரர் சண்டைக்கு வரும் சொல். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம்.