சிற்றூரில் தன்னார்வ ஆம்புலன்ஸ்: சந்தா கட்டாதவர்கள் கூப்பிட்டால் வருவார்களா? (அவசரம்)

கல்லிடைக்குறிச்சி மகள்:

வணக்கம். நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. கணவர் அலுவலக வேலையாக வேறு நகரத்துக்குப் போயிருக்கிறார். வீட்டில் நானும் கைக்குழந்தையும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் மட்டுமே இருக்கிறோம். அம்மாவுக்குக் காலையிலிருந்தே தலை சுற்றுகிறது. இப்போது வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். இங்கே தீயணைப்பையும் ஆம்புலன்ஸையும் ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்துகிறார்களாம். போன வாரம் அவர்களிடமிருந்து ஆண்டுச் சந்தா கேட்டு ஒரு கடிதம் வந்தது; நாங்கள் இன்னும் கட்டவில்லை. கட்டாதவர்கள் கூப்பிட்டால் வருவார்களா? வந்தால் ஆயிரக்கணக்கில் பில் வரும் என்று கணவரின் நண்பர் பயமுறுத்துகிறார். வருகிறவர்கள் முறையாகப் படித்தவர்களா என்பதும் தெரியவில்லை. தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

வள்ளியூரான், விக்டோரியா:

தங்கச்சி, முதலில் அந்தச் சந்தாவை இன்றைக்கே கட்டிவிடு. ஆஸ்திரேலியாவில் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அட்டை இருந்தால் எல்லாம் இலவசம் என்று நம்பி வருகிறவர்கள் அதிகம். ஆம்புலன்ஸுக்கு அது பொருந்தாது. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் அரசின் சலுகை அட்டை இல்லாதவர்கள் ஆம்புலன்ஸ் உறுப்பினராக வேண்டும், இல்லையென்றால் காப்பீடு வைத்திருக்க வேண்டும். ஆனால் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. இன்னொன்றும் சொல்கிறேன். கிராமப்புறத்தில் இருப்பவர்கள் கோடை தொடங்குமுன் வீட்டைச் சுற்றியுள்ள புல்லை ஒட்ட வெட்டிவிட வேண்டும். 2009 பிப்ரவரி 7ஆம் தேதி இங்கே மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். நான் வந்த முதல் கோடையில் வானம் செம்மண் நிறமாக மாறியபோது எங்கே போவது, யாரைக் கேட்பது என்று ஒன்றும் தெரியாமல் நின்றேன். அன்று தெருவுக்கு வந்து வழிகாட்டியவர்கள் கிராமப்புறத் தீயணைப்புப் படையின் தன்னார்வலர்கள்தான், ஆகவே அவர்களைச் சாதாரணமாக எண்ணிவிடாதே.

தென்காசி, ஜெர்மனி:

மேலே அண்ணாச்சி சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சந்தாவெல்லாம் தேவையே இல்லை. இங்கே 112 என்று அழைத்தால் வருவார்கள். அரசுக் காப்பீட்டில் இருப்பவர் மருத்துவத் தேவைக்காக ஏற்றிச்செல்லப்பட்டால் அதிகபட்சம் 10 யூரோதான் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். தீயணைப்பைப் பொறுத்தவரை பெருநகரங்களைத் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் தன்னார்வப் படைகள்தான். ஏறத்தாழ 10 இலட்சம் பேர் அவற்றில் இருக்கிறார்கள். முதல் குளிர்காலத்தில் மொழியும் தெரியாமல், பேச ஆளும் இல்லாமல் நான் பட்ட பாட்டில், எங்கள் தெருவில் என்னிடம் வலிய வந்து பேசிய முதல் மனிதர் அந்தப் படையைச் சேர்ந்தவர். அவர்கள் வைக்கும் கோடை விழாவுக்குப் போங்கள், ஊரே பழக்கமாகிவிடும்.

ஏரல், ஒன்டாரியோ:

மாகாண மருத்துவ அட்டை இருந்தால் கனடாவின் இந்த மாகாணத்தில் ஆம்புலன்ஸுக்கு 45 டாலர், இல்லாதவர்களுக்கு 240 டாலர். எதற்காக இவ்வளவு பதற்றம்? ஆம்புலன்ஸ் வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பனிக்காலத்தில் எங்கள் ஊரில் தீயணைப்புத் தன்னார்வலர் முதலில் வந்துவிடுவார், ஆம்புலன்ஸ் பின்னால் வரும்.

ராதாபுரம்:

நான் சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகனுக்குக் கை எலும்பு முறிந்தபோது ஆம்புலன்ஸை அழைத்தேன். ஓர் ஊர் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்குப் போனதற்கு வந்த பில்லைப் பல மாதத் தவணையில் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் காரைக் கேட்டு அழைத்துக்கொண்டு போவதே நல்லது என்பது என் கருத்து.

பாளையங்கோட்டைச் செவிலி, பென்சில்வேனியா:

எல்லோரும் சற்று நிறுத்துங்கள். கை எலும்பு முறிந்த பிள்ளையைக் காரில் கொண்டுபோகலாம். வியர்த்துக்கொட்டிப் பேச்சுத் தடுமாறுகிற ஒருவரை ஒரு கைக்குழந்தையோடு காரில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போகக் கூடாது.

தங்கச்சி, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதையே சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் இப்போதே அந்த நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள். சந்தா கட்டியிருக்கிறீர்களா என்று யாரும் அந்த நேரத்தில் பார்க்க மாட்டார்கள். முகவரியை முதலில் சொல்லுங்கள். இணைப்பு அறுந்துபோனாலும் வண்டி கிளம்பிவிடும். அவர்களாக வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா? மாத்திரை போட்டிருக்கிறாரா, சாப்பிட்டாரா? சர்க்கரை நோய் இருந்து, விழுங்கும் அளவுக்குத் தெளிவாகவும் இருந்தால், அரைத் தம்ளர் பழச்சாறோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீரோ கொடுங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கல்லிடைக்குறிச்சி மகள்:

அக்கா, நாங்களும் அமெரிக்காவில் பென்சில்வேனியாதான். பதற்றத்தில் எழுத விட்டுப்போயிற்று. நீங்கள் சொன்னதும் 911ஐ அழைத்தேன். உடனே ஊரின் நடுவிலிருந்து சைரன் ஊளையிட்டது. இத்தனை நாள் நள்ளிரவில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் புயலோ போரோ என்று பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆம்புலன்ஸுக்கு முன்பே, நீல விளக்கு சுழலும் சொந்தக் காரில் ஒருவர் தோள்பையோடு வந்து இறங்கினார். கடைத்தெருவில் ஆணி, பெயின்ட் விற்கும் கடையில் நான் பார்த்திருக்கும் மனிதர். தரையில் மண்டியிட்டு அம்மாவின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார். சர்க்கரை 46 என்று மிகவும் குறைவாகக் காட்டியது. பற்பசைபோல ஒரு குழாயிலிருந்து இனிப்புக் களிம்பை அம்மாவின் கன்னத்தின் உட்புறம் சிறிது சிறிதாகத் தடவினார். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அம்மா என்னைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டார்.

கந்த சஷ்டி விரதம் என்று அம்மா மூன்றாம் நாளாகச் சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை விடாமல் போட்டிருக்கிறார். இப்போது நன்றாகத்தான் பேசுகிறார். மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். வர விருப்பமில்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

பாளையங்கோட்டைச் செவிலி:

மாத்திரையின் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு என்று இருக்கிறதா?

கல்லிடைக்குறிச்சி மகள்:

ஆம். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை.

பாளையங்கோட்டைச் செவிலி:

அப்படியானால் கையெழுத்துப் போட வேண்டாம், போய்விட்டு வாருங்கள். கிளிமிபிரைடு நெடுநேரம் உடம்பில் நின்று இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். இனிப்புக் கொடுத்தால் ஏறும் சர்க்கரை, சில மணி நேரம் கழித்து, நீங்கள் எல்லோரும் தூங்கிய பிறகு மறுபடியும் இறங்கலாம். மாத்திரை அட்டையையும் கடவுச்சீட்டையும் காப்பீட்டுத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விரதம் முருகனுக்கு முடிந்துவிட்டது, இனி மருத்துவர் சொன்னால்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் அப்படிச் சொன்னால் கேட்பார்கள்.

ராதாபுரம்:

அம்மா தேறியதில் மகிழ்ச்சி. ஆனாலும் என் வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். நம் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலிருந்து 108ஐ அழைத்தால் ஒரு பைசா வாங்காமல் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி அரசு மருத்துவமனையான ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் விடுகிறார்கள். இவ்வளவு செல்வமுள்ள நாட்டில் ஆம்புலன்ஸை நடத்த ஊர்க்காரர்கள் கோழி சுட்டு விற்றுப் பணம் சேர்க்க வேண்டியிருப்பது என்ன நியாயம்?

ஏரல், ஒன்டாரியோ:

நியாயம் கேட்கப்போனால் எவ்வளவோ கேட்கலாம். ஆள் வேண்டாமா? எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் ஐம்பது வயதுக்கு மேல். பகல் நேரத்தில் இளைஞர்கள் எல்லோரும் தொலைவில் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

தென்காசி, ஜெர்மனி:

நம் ஆட்கள் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும். கூப்பிட மட்டும் நாம், வருவதற்கு அவர்கள் என்றால் எப்படி?

வள்ளியூரான், விக்டோரியா:

வந்த புதிதில் இரண்டு வேலை பார்த்தால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலையில், எங்கே போய்ச் சேர்வது? அந்தக் கஷ்டமெல்லாம் தெரியாமல் பேசக் கூடாது.

பேட்டை அண்ணாச்சி, திருநெல்வேலி:

நான் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மகள் வெளிநாட்டில் இருப்பதால் இங்கே எழுதுவதைப் படித்துவருகிறேன். பிள்ளைகளே, இந்த வாக்குவாதம் அந்தப் பெண்ணுக்கு உதவாது. சம்பளம் வாங்கி வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சம்பளமில்லாமல் வருகிறவன் குறைந்தவன் இல்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு மாடிகளில் நின்றவர்களை இறக்கினார்கள். அவர்கள் எந்தத் துறையின் ஊழியர்களும் இல்லை.

எங்கள் வேலையில் வண்டி ஓட்டும் நேரத்தைவிட வீட்டைத் தேடும் நேரம்தான் பல சமயங்களில் உயிரைக் குடித்திருக்கிறது. கதவிலக்கம் தெரியாத வீடு, பூட்டிய கேட், குறுக்கே நிறுத்திய கார் இவையெல்லாம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். மகளே, உன் வீட்டு எண் இரவில் சாலையிலிருந்து தெரிகிறதா என்பதை முதலில் பார்.

பாளையங்கோட்டைச் செவிலி:

அண்ணாச்சி சொன்ன இடத்திலிருந்தே தொடர்கிறேன். இந்த மாநிலத்தில் இருப்பவர்களுக்காக, நான் தெரிந்துவைத்திருப்பதை முழுமையாக எழுதுகிறேன்.

இங்கே தீயணைப்புக் குழுக்களில் மிகப் பெரும்பாலானவை தன்னார்வக் குழுக்கள்தான். பெஞ்சமின் பிராங்ளின் 1736இல் பிலடெல்பியாவில் நண்பர்களைச் சேர்த்துத் தொடங்கிய குழுவிலிருந்து வரும் வழக்கம் இது. 1970களில் மாநிலம் முழுவதும் சுமார் 3 இலட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருந்தார்கள். 2018இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கை ஏறத்தாழ 38 ஆயிரம் பேர்தான் மிஞ்சியிருப்பதாகச் சொன்னது. ராதாபுரத்து அண்ணன் கேட்ட கோழி சுடும் விழா அதனால்தான் நடக்கிறது: வண்டிக்கும் குழாய்க்கும் டீசலுக்கும் ஊரே பணம் திரட்டியாக வேண்டும். நள்ளிரவுச் சைரனும் ஆபத்து அறிவிப்பு அன்று, வீடுகளில் தூங்கும் குழுவினரை எழுப்பும் அழைப்பு. சம்பளமில்லை என்பதற்காகப் பயிற்சியும் இல்லை என்று நினைக்கக் கூடாது. ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிப்பவர் வகுப்பில் படித்து, தேர்வு எழுதி, மாநிலச் சான்று பெற்ற பிறகுதான் உங்கள் அம்மாவைத் தொட முடியும்.

இனி பணம். சந்தா என்பது அந்தக் குறிப்பிட்ட சேவையோடு நீங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு. கட்டினால், காப்பீடு கொடுப்பது போக மீதியைத் தள்ளுபடி செய்வார்கள் அல்லது குறைத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர்ச் சேவை வந்தால் அது செல்லாமல் போகலாம். கடிதத்தில் ‘வீட்டில் வசிப்பவர்கள்’ என்று யாரைக் குறிப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் பயணியாக வந்திருக்கும் அம்மா அதில் அடங்குவாரா என்பது சேவைக்குச் சேவை மாறும். எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைக் காக்கிறது, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸைக் காப்பதில்லை. பலர் இதைத் தெரியாமல் ஏமாறுகிறார்கள். மருத்துவமனையைப் பொறுத்தவரை, பணமோ காப்பீடோ இல்லையென்றாலும் அவசரப் பிரிவில் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிறகு பில் வரும். இலாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் நிதியுதவிக்கான விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள், அப்படியொரு திட்டம் வைத்திருப்பது அவர்கள் கடமை. வந்த முதல் பில்லை அப்படியே கட்டிவிடாமல் விவரமான பட்டியலைக் கேளுங்கள்.

அம்மாவின் பயணக் காப்பீட்டில், முன்பே இருந்த நோய் திடீரெனத் தீவிரமானால் பணம் உண்டா என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். பல திட்டங்களில் அதற்கு வயது வரம்பும் தொகை வரம்பும் இருக்கும்.

வீட்டில் ஒரு தாளில் அம்மாவின் பெயர், பிறந்த தேதி, நோய்கள், மாத்திரைகளின் மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் ஆங்கிலத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். நம் ஊர் மாத்திரைகளின் வணிகப் பெயரை இங்கே யாரும் அறிய மாட்டார்கள். அம்மாவுக்கு 911 என்று அழுத்தவும், வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லவும், ‘தமிழ்’ என்று மொழியைச் சொல்லவும் பழக்குங்கள். பல மையங்களில் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தாளிக்கும்போது புகை அலாரம் அலறுகிறது என்று அதன் மின்கலத்தை யாரும் கழற்றிவைக்காதீர்கள், சன்னலைத் திறந்தால் போதும். குளிர் தொடங்கிவிட்டதால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கிறதா என்று வீட்டு உரிமையாளரைக் கேளுங்கள்.

கல்லிடைக்குறிச்சி மகள்:

அக்கா, அம்மாவை இரவு முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். நீங்கள் சொன்னபடியே பின்னிரவில் மறுபடியும் சர்க்கரை இறங்கி, ஊசிவழி குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டோம். மருத்துவரைப் பார்க்கும்வரை அந்த மாத்திரை வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள்.

இரண்டு கேள்விகள். சந்தாவை இப்போது கட்டினால் நேற்றைய பயணத்துக்குச் செல்லுமா? நான் கணவரைச் சார்ந்த விசாவில் இருக்கிறேன், வேலை அனுமதி இல்லை. அந்தக் குழுவில் நானும் ஏதாவது செய்ய முடியுமா?

பாளையங்கோட்டைச் செவிலி:

பெரும்பாலும் நடந்து முடிந்த பயணத்துக்குச் செல்லாது. ஆனாலும் கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி, அம்மாவின் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்காகக் கட்டிவிடுங்கள். நேற்றைய பில் வந்தால் தவணையோ குறைப்போ கேட்கத் தயங்க வேண்டாம்.

ஊதியமோ ஊதியத்துக்கு ஈடான எதுவுமோ வாங்காத உண்மையான தன்னார்வப் பணிக்கு வேலை அனுமதி தேவையில்லை. சில குழுக்கள் ஒவ்வோர் அழைப்புக்கும் சிறு தொகையோ வரிச்சலுகையோ தருவதுண்டு. அதை ஏற்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தீயில் இறங்க வேண்டும் என்பதில்லை, கணக்கு எழுதவும் கடிதங்களை உறையிலிடவும் விழா நாளில் சமைக்கவும் அவர்களுக்கு எப்போதும் ஆள் வேண்டும். குழந்தையையும் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கே நேரில் போய், கூட்டம் எந்த நாளில் நடக்கிறது என்று கேளுங்கள். வீட்டு எண் பலகையும் அவர்களிடமே கிடைக்கக்கூடும், இருட்டில் ஒளிரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.